ஒரே அடிமானம் உள்ள அடுக்குகளை வகுக்கும்போது ஏன் கழிக்கிறோம்?

எட்டாம் வகுப்பில் படிக்கும் மகனுக்கு அடுக்குக்குறி விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். "அடிமானம் ஒன்றாக இருந்தால், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டு, வகுக்கும்போது கழி" என்பது பையனுக்கு மனப்பாடம். கணக்கும் போட்டுவிடுகிறான். ஆனால் அவன் மூன்று கேள்வி கேட்கிறான். வகுக்கச் சொன்ன இடத்தில் ஏன் கழிக்கிறோம்? 7⁰ எப்படி 1 ஆகும், 0 தானே வர வேண்டும்? 2⁻³ என்றால் 2ஐ மைனஸ் மூன்று முறை பெருக்குவதா, அது எப்படி முடியும்?

மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவது கேள்வி அவன் மனதில் எழுந்ததே பெரிய விஷயம். வரையறையை வரிக்கு வரி நம்பிப் படிக்கிற பிள்ளைக்குத்தான் அது எழும். ஆகவே "விதி அப்படித்தான், எழுதிக்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் சொற்களை ஒத்துக்கொள்வோம். 5⁷ என்பதில் 5 அடிமானம், 7 அடுக்கு. இலங்கையில் படித்தவர்கள் அடி, சுட்டி என்று படித்திருப்பீர்கள். விஷயம் ஒன்றுதான். எண்ணுக்குப் பதில் எழுத்து வேண்டிய இடத்தில் ப என்று எழுதுகிறேன்.

5⁷ ÷ 5³ என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விதி எதுவும் தெரியாததாக வைத்துக்கொண்டு, பையனை முழுதாக விரித்து எழுதச் சொல்லுங்கள். கோட்டுக்கு மேலே 5 × 5 × 5 × 5 × 5 × 5 × 5. கீழே 5 × 5 × 5. இப்போது மேலே ஒரு 5, கீழே ஒரு 5 என்று ஜோடி ஜோடியாக அடித்துக்கொண்டே வரட்டும். கீழே மூன்றும் அடிபட்டுப் போகும். மேலே ஏழில் மூன்று போக நான்கு நிற்கும். விடை 5⁴. பெருக்கிப் பார்த்தாலும் 78,125 ÷ 125 = 625, அதாவது 5⁴.

வகுத்தல் நடந்தது 5 என்ற எண்களுக்கு இடையே. கழித்தல் நடந்தது எத்தனை 5 என்ற எண்ணிக்கையில். அடுக்கு என்பதே ஓர் எண்ணிக்கைதான். ஏழு பேரில் மூன்று பேர் வெளியேறினால் மிச்சம் எத்தனை பேர் என்று கேட்டால் ஏழை மூன்றால் யாரும் வகுக்கமாட்டோம். முதல் கேள்விக்கு இதுதான் முழுப் பதில்.

இதை நோட்டில் ஒரு தடவையாவது கையால் அடித்துப் பார்க்காமல் விதியை எழுதிக்கொண்ட பிள்ளைகள்தான் 2⁶ ÷ 2² = 2³ என்று எழுதுகிறார்கள். வகுத்தல் குறியைப் பார்த்ததும் கை 6ஐ 2ஆல் வகுத்துவிடுகிறது. 64 ÷ 4 = 16 என்று ஒரு வரி சரிபார்த்தால் போதும். 2³ என்பது 8, 2⁴தான் 16. சின்ன எண்களில் சரிபார்க்கும் பழக்கம் இருக்கிற பிள்ளை விதியை மறந்தாலும் தானே மீட்டுக்கொள்ளும்.

இனி 7⁰. உங்கள் பையன் 0 என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. "7ஐ ஒரு முறைகூட எழுதவில்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்பது அவன் வாதம். கூட்டலில் அது சரி. எதையும் கூட்டாவிட்டால் கையில் இருப்பது 0. ஆனால் பெருக்கலில் எதையும் பெருக்காமல் விட்டால் எண் அப்படியே நிற்க வேண்டும். எதைப் பெருக்கினாலும் மாற்றாத எண் 1தான்.

இதை எண்களை இறங்கவிட்டுக் காட்டலாம். 3⁴ = 81, 3³ = 27, 3² = 9, 3¹ = 3. அடுக்கு ஒவ்வொன்றாகக் குறையும்போது மதிப்பு 3ஆல் வகுபடுகிறது. அதே நடையில் இன்னொரு படி இறங்கினால் 3⁰ = 3 ÷ 3 = 1. நிறுத்தாமல் இன்னும் இறங்கச் சொல்லுங்கள். 3⁻¹ = 1/3, 3⁻² = 1/9, 3⁻³ = 1/27. எந்த இடத்திலும் நடை மாறவில்லை. எங்கும் 0 வரவும் இல்லை, மைனஸ் எண் வரவும் இல்லை.

வகுத்தல் விதியை வைத்தும் இங்கேயே வந்து சேரலாம். 7³ ÷ 7³ என்பது 343 ÷ 343, அதாவது 1. விதிப்படி கழித்தால் 7⁰. ஆகவே 7⁰ என்பது 1ஆக இருந்தால்தான் இரண்டும் ஒத்துப்போகும். பாடம் நடத்துகிற பலரும் இதை "நிரூபணம்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். "7ஐ இத்தனை முறை பெருக்கு" என்ற வரையறை 1, 2, 3 என்று எண்ணக்கூடிய அடுக்குகளுக்கு மட்டும்தான். பூச்சியம் முறை பெருக்குவதைப் பற்றியோ, மைனஸ் மூன்று முறை பெருக்குவதைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. அங்கே என்ன மதிப்பு வைப்பது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போடுகிறோம்: பெருக்கினால் கூட்டு, வகுத்தால் கழி என்ற விதி எங்கும் உடையக்கூடாது. அந்த நிபந்தனையைப் போட்டதும் 7⁰க்கு 1 தவிர வேறு வழியில்லை. 0 என்று வைத்துப் பாருங்கள். 7³ × 7⁰ விதிப்படி 7³ ஆக வேண்டும், ஆனால் 343 × 0 என்பது 0. விதி உடைந்துவிடுகிறது.

2⁻³க்கும் இதே கதைதான். 2² ÷ 2⁵ எழுதுங்கள். மேலே இரண்டு 2, கீழே ஐந்து 2. அடித்து முடித்தால் மேலே 1 நிற்கும், கீழே மூன்று 2 மிச்சம். மதிப்பு 1/8. விதிப்படி 2 − 5 = −3. ஆகவே 2⁻³ = 1/8. மைனஸ் குறி இங்கே சொல்லும் சேதி "மிச்சம் கீழே இருக்கிறது" என்பதுதான். மைனஸ் மூன்று முறை பெருக்குகிற வேலை எதுவும் கிடையாது, அதைப் பையனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அது புரிந்தால் 2⁻³ = −8 என்றோ −6 என்றோ எழுதமாட்டான்.

இந்தப் பூச்சியத்தையும் மைனஸையும் மனிதர்கள் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பிறந்த அல்-சமாவல் என்ற கணிதர் ஓர் அட்டவணை போட்டார். நடுவில் பூச்சியம், இருபுறமும் 1, 2, 3 என்று கட்டங்கள். ஒரு பக்கம் அடுக்குகள், மறுபக்கம் அவற்றின் தலைகீழிகள். பெருக்கவோ வகுக்கவோ வேண்டுமானால் கட்டங்களை எண்ணி எந்தப் பக்கம் எத்தனை கட்டம் நகர வேண்டும் என்று பார்த்தால் போதும். இன்று நாம் எண்கோட்டில் செய்கிற கழித்தலே அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த அட்டவணையை ஒரு தாளில் போட்டுக் கொடுத்தால், விதியைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிடும்.

1484இல் பிரெஞ்சுக்காரர் நிக்கொலா சுக்கே எழுதிய கையெழுத்துப்படியில் பூச்சிய அடுக்கும் மைனஸ் அடுக்கும் வருகின்றன. அவர் போட்டிருக்கும் ஒரு கணக்கை இன்றைய முறையில் எழுதினால் 72ப ÷ 8ப³ = 9ப⁻². எண்ணை எண்ணால் வகுத்து 9, அடுக்கிலிருந்து அடுக்கைக் கழித்து −2. இன்றைய தேர்வில் இந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அந்தக் கையெழுத்துப்படி 1880இல்தான் அச்சேறியது. இடையில் 1544இல் ஜெர்மானியர் மைக்கேல் ஸ்டிஃபல், மேல் வரிசையில் −3 முதல் 6 வரையும் அதற்கு நேர் கீழே 1/8 முதல் 64 வரையும் எழுதிக் காட்டினார். கீழே பெருக்கினால் மேலே கூட்டல், கீழே வகுத்தால் மேலே கழித்தல் என்று அவர் விளக்கினார். நாம் எழுதுகிற மாதிரி எண்ணின் தோளில் சின்னதாக அடுக்கை எழுதும் முறை பரவியது 1637க்குப் பிறகு, பிரெஞ்சுக் கணிதர் டெகார்ட்டின் வடிவியல் நூலிலிருந்து.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் வெகு முன்பே இருந்தது. 9ஆம் நூற்றாண்டுச் சமண ஆசிரியர் வீரசேனர், ஷட்கண்டாகமம் என்ற சமண நூலுக்கு எழுதிய தவளா என்ற உரையில் அர்த்தச்சேதம் என்ற ஒன்றைச் சொல்கிறார். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் 1 வரும் என்பதுதான் அது. 32க்கு அர்த்தச்சேதம் 5, 8க்கு 3. வகுபடும் எண்ணின் அர்த்தச்சேதத்திலிருந்து வகுக்கும் எண்ணின் அர்த்தச்சேதத்தைக் கழித்தால் ஈவின் அர்த்தச்சேதம் கிடைக்கும் என்று அவர் விதி தருகிறார். 32 ÷ 8 = 4, 5 − 3 = 2, 4இன் அர்த்தச்சேதம் 2. பையன் மனப்பாடம் செய்த விதியேதான், ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முன்பு. அந்த உரையின் ஓலைச்சுவடிகள் கர்நாடகத்தின் மூடபித்ரியில் காக்கப்பட்டு நமக்குக் கிடைத்தன. பாடநூலில் இந்த அத்தியாயத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு இதை எழுதலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்த விதி ஏன் இவ்வளவு மதிக்கப்பட்டது என்று காட்ட ஒரு சின்ன வேலை கொடுங்கள். 2இன் அடுக்குகளை 2¹ முதல் 2¹⁵ வரை பையனே ஒரு தாளில் எழுதட்டும். 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024, 2048, 4096, 8192, 16384, 32768. ஒவ்வொன்றின் மேலும் அதன் அடுக்கை எழுதட்டும். இப்போது 32768 ÷ 512 எவ்வளவு என்று கேளுங்கள். நெடுவகுத்தல் வேண்டாம். 32768க்கு மேலே 15, 512க்கு மேலே 9. கழித்தால் 6. 6க்குக் கீழே இருப்பது 64. விடை அதுதான். பெரிய வகுத்தல் ஒரு சின்னக் கழித்தலாகச் சுருங்கிவிட்டது.

2இன் அடுக்கு இல்லாத எண்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஏக்கத்திலிருந்து பிறந்தவைதான் மடக்கைகள், அதாவது லாக். ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். அவரோடு கலந்து பேசிய ஹென்றி பிரிக்ஸ் 10ஐ அடிமானமாக வைத்துப் பட்டியல்களைக் கணக்கிட்டார். கால்குலேட்டர் கைக்கு வரும் முன் வானியலாளர்களும் மாலுமிகளும் பொறியாளர்களும் அந்தப் பக்கங்களைப் புரட்டித்தான் வகுத்தார்கள். பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு லாக் புத்தகம் எடுத்துப் போனவர்களுக்கு நினைவிருக்கும். மேலே உள்ளதன் லாக், கழித்தல் கீழே உள்ளதன் லாக், அப்புறம் ஆன்டிலாக், அதாவது அந்த லாக்குக்கு உரிய எண். நாம் அங்கே செய்ததும் 5⁷ ÷ 5³ = 5⁴ தான், அடுக்கில் புள்ளி வைத்த எண்கள் வந்தன என்பது மட்டுமே வித்தியாசம்.

இன்றைக்கும் இது தேய்ந்துபோன கணக்கில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஏறக்குறைய 1.5 × 10¹¹ மீட்டர். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 3 × 10⁸ மீட்டர். 1.5 ÷ 3 = 0.5, 10¹¹ ÷ 10⁸ = 10³. ஆக 0.5 × 1000 = 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி. பூச்சியங்களை எண்ணி எழுதி வகுத்திருந்தால் எங்காவது ஒரு பூச்சியம் நழுவியிருக்கும். கணினியிலும் அப்படித்தான். 8 ஜிபி ராம் என்பது 2³³ பைட். இயங்குதளம் அதைப் பொதுவாக 4 கேபி, அதாவது 2¹² பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கிறது. மொத்தம் எத்தனை பக்கம்? 2³³ ÷ 2¹² = 2²¹, அதாவது 20,97,152. கணினித் துறைக்காரர்கள் இதை மனதிலேயே போடுவார்கள்.

இனி தேர்வுத்தாளில் விழுகிற பிழைகள். அதிகம் பார்ப்பது அடிமானத்தையும் சேர்த்து வகுத்துவிடுவது. 6⁵ ÷ 6² = 1³ என்று எழுதி, அது 1 என்று முடித்துவிடுவார்கள். அடிமானம் 6தான் நிற்கும், விடை 6³ = 216. விரித்து எழுதி அடித்த பிள்ளைக்கு இந்தப் பிழை வராது, மிச்சம் நிற்பவை 6கள்தான் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கும்.

எழுத்துக்கு முன்னால் எண் சேர்ந்து வந்தால் குழப்பம் கூடும். 12ப⁸ ÷ 4ப² என்று கொடுத்தால் 8ப⁶ என்று ஒரு கூட்டம் எழுதும், 3ப⁴ என்று இன்னொரு கூட்டம் எழுதும். முதல் கூட்டம் எண்களையும் கழித்துவிட்டது, இரண்டாவது கூட்டம் அடுக்குகளையும் வகுத்துவிட்டது. 12ம் 4ம் சாதாரண எண்கள், அவற்றை வகுக்க வேண்டும். 8ம் 2ம் எண்ணிக்கைகள், அவற்றைக் கழிக்க வேண்டும். விடை 3ப⁶.

கீழே மைனஸ் அடுக்கு வந்தால் அவசரப்படக்கூடாது. ப³ ÷ ப⁻⁵ என்பதில் 3 − (−5) என்று அடைப்புக்குறி போட்டு எழுதச் சொல்லுங்கள். 8 வரும், விடை ப⁸. அடைப்புக்குறி போடாதவர்கள் ப⁻² என்று எழுதிவிடுவார்கள். அடிமானமே மைனஸாக இருக்கும்போதும் அடைப்புக்குறிதான் காப்பாற்றும். (−2)⁶ ÷ (−2)³ = (−2)³ = −8. ஆனால் −2⁶ ÷ (−2)² என்று கொடுத்தால் இரண்டின் அடிமானமும் ஒன்றில்லை. −2⁶ என்பதில் அடுக்கு 2க்கு மட்டும், மைனஸ் வெளியே நிற்கிறது. −64 ÷ 4 = −16.

அடிமானம் வேறாக இருந்தால் விதி செல்லாது என்று சொல்லிக்கொடுக்கிறோம். அதோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகள் 4⁵ ÷ 8² போன்ற கணக்கைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். வேறாகத் தெரிகிற அடிமானத்தை ஒன்றாக்க முடியுமா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். 4 என்பது 2², ஆகவே 4⁵ = 2¹⁰. 8 என்பது 2³, ஆகவே 8² = 2⁶. விடை 2⁴ = 16. 6⁵ ÷ 3² மாதிரி வந்தால் 6⁵ஐ 2⁵ × 3⁵ என்று பிரித்து, 3இன் அடுக்குகளை மட்டும் கழித்து, 2⁵ × 3³ = 864 என்று முடிக்கலாம். இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்குகள் இவைதான். பகாக்காரணிப்படுத்தல் எதற்குப் படித்தோம் என்பதற்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது.

கூட்டல் கலந்து வரும் கணக்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. (2⁵ + 2³) ÷ 2³ என்பதில் பின்னால் இருக்கும் 2³ஐக் கீழே இருக்கும் 2³ஓடு அடித்துவிட்டு விடை 2⁵ என்பார்கள். தொகுதியில் கூட்டல் இருந்தால் ஒவ்வொரு உறுப்பையும் வகுக்க வேண்டும். 2² + 1 = 5. சரிபார்க்க, 40 ÷ 8 = 5.

கடைசியாக, பாடநூலில் சின்ன எழுத்தில் வந்து பலர் கண்ணில் படாமல் போகும் ஒரு நிபந்தனை: அடிமானம் பூச்சியமாக இருக்கக்கூடாது. 0⁵ ÷ 0³ = 0² = 0 என்று விதி சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் 0³ என்பது 0. பூச்சியத்தால் வகுத்தலே கிடையாது, ஆகவே அந்தக் கணக்குக்கு விடையே இல்லை. 7⁰ = 1 என்பதை நாம் 7³ ÷ 7³ என்ற வழியில் பெற்றோம். அதே வழியில் 0⁰க்குப் போக முயன்றால் நடுவில் 0 ÷ 0 குறுக்கே நிற்கும். எனவே பையன் "அப்போ 0⁰?" என்று கேட்டால், வகுத்தல் விதி அங்கே போகாது என்று சொல்லுங்கள். எழுத்து வரும் கணக்கில் ப⁷ ÷ ப³ = ப⁴ என்று எழுதும்போதும் பக்கத்தில் "ப ≠ 0" என்று எழுதப் பழக்குங்கள். பிளஸ் ஒன்னில் சார்புகளும் எல்லைகளும் வரும்போது அந்தச் சின்னக் குறிப்பு தேவைப்படும். ப³ ÷ ப என்ற சார்பும் ப² என்ற சார்பும் மற்ற எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும், ப = 0 என்ற ஒரே இடத்தில் முதல் சார்புக்கு மதிப்பு இருக்காது.